ஏலக்கூடத்தில் ஆதிநாதர்

நம் ஊர் ஜினாலயத்தில் வீற்றிருக்கும் ஆதிநாதர் திருவுருவத்தின் விலை என்ன என்று எவரேனும் ஒரு சிராவகரிடம் கேட்டால், அவர் கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார், விடை சொல்லமாட்டார். அப்படி ஒரு வினா எழக்கூடும் என்பதே அவர் எண்ணத்தில் தோன்றியிராது. ஆயினும் அதே ஆதிநாதருக்கு விலை சொல்லும் இடங்கள் உலகில் உள்ளன. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் நகரில் கிறிஸ்டீஸ் என்னும் ஏல நிறுவனத்தில் இந்தியக் கலைப்பொருள்களின் ஏலம் நடைபெறச் சில நாட்களே இருந்தபோது, அமெரிக்க அரசு அதிகாரிகள் அங்கிருந்து இரண்டு கற்சிற்பங்களைக் கைப்பற்றினர். ஒன்று, குதிரைமேல் அமர்ந்த ரேவந்தனும் அவன் பரிவாரமும் செதுக்கப்பெற்ற பலகை. மற்றொன்று, ராஜஸ்தானத்திலோ மத்தியப் பிரதேசத்திலோ 10ஆம் நூற்றாண்டில் மணற்கல்லில் வடிக்கப்பெற்ற ரிஷபநாதர் திருவுருவம். இதன் மதிப்பு ஏறத்தாழ 1,50,000 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. அந்நாள் கணக்கில் ஒரு கோடி ரூபாய். ரேவந்தனுக்கோ 3,00,000 டாலர். முதல் தீர்த்தங்கரரைவிடக் குதிரை வீரனுக்கு இருமடங்கு!

இந்த ஒரு கோடி எங்கிருந்து வந்தது? கல்லிலிருந்தா, சிற்பியின் கைத்திறனிலிருந்தா, ஆயிரம் ஆண்டுப் பழமையிலிருந்தா? அன்றி அத்திருவுருவத்தின் முன் நின்று வணங்கியவர்களின் பக்தியிலிருந்தா? இவ்வினா வெறும் பொருளியல் வினா அன்று. இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இரண்டை, கள்ளாமையையும் மிகுபொருள் விரும்பாமையையும், நேரே தொடும் வினா இது. எனவே இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

ஏலம் என்பது நமக்குப் புதிதன்று. தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் உழவர்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு மணிலா மூட்டைகளைக் கொண்டு சென்றவர்கள் அங்கு நடப்பதை அறிவர். வணிகர்கள் கையில் அள்ளிப் பார்க்கின்றனர். உடைத்துப் பருப்பின் திரட்சியைப் பார்க்கின்றனர். ஈரம் எவ்வளவு என்று பார்க்கின்றனர். தத்தம் விலையை எழுதிக் கொடுக்கின்றனர். ஒருவர் சற்று ஏற்றியும் ஒருவர் சற்று இறக்கியும் எழுதலாம். ஆனால் அந்த மூட்டையிலிருந்து எவ்வளவு எண்ணெய் வரும், அந்த எண்ணெய் என்ன விலைக்குப் போகும் என்ற கணக்கைக் கடந்து எவரும் நெடுந்தூரம் போவதில்லை. பொருளின் உள்ளே உள்ள ஒன்று விலையைக் கட்டி வைத்திருக்கிறது.

ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அத்தகைய எண்ணெய் இல்லை. விலையை உள்ளிருந்து கட்டி வைப்பது எதுவும் இல்லாதபோது, வெளியிலிருந்து அதனை உருவாக்க வேண்டியுள்ளது. அத்தொழிலைச் செய்வனவே கலைக்கூடங்களும் ஏல நிறுவனங்களும்.

கலைக்கூடம் ஓவியரின் படைப்பை முதன்முதலில் மக்கள்முன் வைக்கிறது. விற்ற தொகையில் பாதியளவுகூடத் தன் பங்காகக் கொள்வது அத்தொழிலில் உள்ள வழக்கம். ஆனால் அதன் உண்மையான ஆற்றல் பங்கில் இல்லை. எவருக்கு விற்பது என்று தேர்ந்தெடுப்பதில் உள்ளது. பெயர்பெற்ற சேகரிப்பாளர் ஒருவர் வாங்கினார் என்ற செய்தியே அடுத்த ஓவியத்தின் விலையை ஏற்றுகிறது. அருங்காட்சியகம் ஒன்றில் சில வாரங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றால் மேலும் ஏறுகிறது. அறிஞர் ஒருவரின் நூலில் படமாக இடம்பெற்றால் இன்னும் ஏறுகிறது. ஓவியம் என்னவோ அசையாமல் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவதாக ஏல நிறுவனம் வருகிறது. வழவழப்பான தாளில் பட்டியல் நூல் ஒன்று அச்சாகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, இத்தனை முதல் இத்தனை வரை என்று ஒரு மதிப்பீட்டு விலை. இது தராசு கூறும் எடை போன்றதன்று. இதுபோன்ற பொருள் முன்னர் எவ்விலைக்குப் போயிற்று என்பதும், எந்த எண்ணைச் சொன்னால் கேட்போர் கூட்டம் சேரும் என்பதும் கலந்த ஓர் ஊகம். இதற்குக் கீழே விற்பதில்லை என்று உரிமையாளரோடு பேசி வைத்த அடிமட்ட விலை ஒன்றும் உண்டு. அது கேட்போர்க்குச் சொல்லப்படுவதில்லை. அந்த அடிமட்டத்தை எட்டும்வரை, ஏலம் விடுபவர் விற்பவர் சார்பில் தாமே விலை கேட்டுக்கொண்டு போகலாம். கூடத்தில் எவரும் கை தூக்காதபோதும் யாரோ தூக்கியது போன்ற தோற்றம் உண்டாகும். இது விதிகளில் அச்சிடப்பட்டே உள்ளது, சட்டம் ஒப்புகிறது. வாய்மை என்னும் விரதம் ஒப்புமா என்பது வேறு கேள்வி. இறுதியில் சுத்தியல் விழுந்ததும் அந்தத் தொகையின்மேல் நூற்றுக்கு இருபதை ஒட்டியோ அதற்கு மேலோ வாங்குவோர் கட்டணம் ஏற்றப்படுகிறது. மறுநாள் செய்தித்தாளில் வரும் எண், அடுத்த ஏலத்தின் மதிப்பீட்டு விலைக்கு அடிப்படையாகிறது. இவ்வாறு விலைக்குச் சான்றாக நிற்பது முந்திய விலையே. அதற்கு அப்பால் வேறு சான்றில்லை.

இந்திய நவீன ஓவியத்தின் கதையில் இதனைக் கண்கூடாகக் காணலாம். செஸ்டர் ஹெர்விட்ஸ், டேவிடா ஹெர்விட்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் பல ஆண்டுகளாகச் சேர்த்த இந்திய ஓவியங்களை சதபீஸ் நிறுவனம் 1995இலும் 1996இலும் நியூயார்க்கில் ஏலமிட்டது. அதுமுதல் இவ்வோவியங்களின் விலை உலகறிய எழுதப்படும் பொருளாயிற்று. 2002 செப்டம்பரில் தையப் மேத்தாவின் ஓவியம் ஒன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் 3,17,500 டாலருக்குப் போயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 2005இல், அவருடைய 'மகிஷாசுரன்' 15 லட்சம் டாலரைத் தாண்டிற்று. அந்த மூன்று ஆண்டுகளில் அவருடைய தூரிகை ஐந்து மடங்கு கூர்மை பெற்றதா? அப்போது அவர் எண்பதை எட்டிய முதியவர்.

1954இல் எம்.எஃப். ஹுசைன் தீட்டிய 'கிராம யாத்திரை' என்னும் நெடும்படத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. ஏறக்குறைய 14 அடி நீளத்தில் சிற்றூர் வாழ்க்கையின் 13 காட்சிகள் கொண்டது அது. டில்லிக்கு வந்திருந்த ஒரு மருத்துவர் அதனை அந்த ஆண்டிலேயே வாங்கி நார்வே நாட்டுக்குக் கொண்டு சென்றார். 1964இல் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அதனை விட்டுச் சென்றார். பல பத்தாண்டுகள் அது அங்கு ஒரு தாழ்வாரச் சுவரில் தொங்கியது. நோயாளிகளும் செவிலியரும் அதனைக் கடந்து போயினர். அவருள் எவரேனும் ஓரிரு நொடி நின்று பார்த்துமிருக்கலாம். 2025 மார்ச் 19ஆம் நாள் நியூயார்க்கில் அது 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல், நம் நாணயத்தில் ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்கு, ஏலம் போயிற்று. அத்தொகை மருத்துவர்களின் பயிற்சிக்குப் பயன்படும் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தாழ்வாரத்தில் தொங்கியபோதும் கூடத்தில் தொங்கியபோதும் படம் ஒன்றே.

இங்கு நம் ஆன்றோர் வகுத்த பொருளியல்பை நினைவுகூர வேண்டும். திரவியம் ஒவ்வொன்றுக்கும் குணம் உண்டு, பரியாயம் உண்டு. குணம் பொருளோடு நீங்காது நிற்பது; பரியாயம் மாறி மாறி வருவது. விலை அந்த ஓவியத்தின் குணம் அன்று. குணமாயின் தாழ்வாரத்திலும் இருந்திருக்கும். அதன் பரியாயமும் அன்று. ஏனெனில் துணியிலும் வண்ணத்திலும் எந்த மாற்றமும் நிகழவில்லை. மாறியது பார்த்தவர்களின் உள்ளம். விலை என்பது வாங்க விழைவோரின் இராகத்தில் தோன்றும் பரியாயம். அதனை ஓவியத்தின்மேல் ஏற்றிச் சொல்கிறோம். வெண்பளிங்கின் அருகே செம்மலரை வைத்தால் பளிங்கு சிவந்து தோன்றுவது போன்றது இது.

வி.எஸ். கைத்தொண்டே என்னும் ஓவியர் டில்லி நிஜாமுதீனில் சிறியதோர் அறையில் எளிமையாக வாழ்ந்தவர். ஆண்டுக்குச் சில படங்களே தீட்டினார். 2001இல் மறைந்தார். 2013 டிசம்பரில் கிறிஸ்டீஸ் நிறுவனம் மும்பையில் நடத்திய முதல் ஏலத்தில் அவருடைய படம் ஒன்று 23 கோடியே 70 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. கை ஓய்ந்துவிட்டது, இனிப் படங்கள் பெருகா. அந்த அருமையே ஏலக்கூடத்திற்கு உவப்பானது. ஓவியரின் இறப்புக்கூட விலைக்கு உரமாகும் ஒரு வாணிபத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். மறுவிற்பனையில் ஓவியர்க்கும் அவர்தம் வாரிசுகட்கும் பத்து விழுக்காட்டுக்கு மிகாத பங்கு உண்டு என்று 1994இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டம் ஏட்டில் உள்ளது.

இவ்வலையில் சிக்காமல் வாழ முயன்றவர்களும் உண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள், வயிற்றுக்குப் பத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றனர். ஓவியம் விற்றால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையைத் தவிர்த்ததால், ஓவியத்தைத் தம் மனம்போல் தீட்ட முடிந்தது. இதை நாம் பெரிதும் போற்றுகிறோம்.

எனினும், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புரைப்பது அநேகாந்தம் அறிந்தவர்க்கு அழகன்று. விலையால் விளையும் நன்மையும் உண்டு. பரணில் கிடந்த ஏட்டைக் கரையான் தின்றபோது எவரும் கவலைப்படவில்லை. அதற்கு விலை உண்டு என்று தெரிந்த பின்னரே பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தோர் பலர். கருவறைக்குப் புறத்தே சாய்ந்து கிடந்த சிற்பத்தை மாடு கட்டும் கல்லாகப் பயன்படுத்திய ஊர்களும் உண்டு. செல்வர் ஒருவர் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, அருங்காட்சியகம் எழுப்பி, எவரும் வந்து காணலாம் என்று வைக்கும்போது, அவர் செய்வது வெறும் பரிக்கிரகம் என்று கூறிவிட முடியாது. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்திற்குக் கூறிய இலக்கணம் மூர்ச்சை என்பதே; பொருளைக் கொண்டிருத்தல் அன்று, பொருளில் மயங்கிக் கிடத்தல். விவகார நயத்தில் விலை உண்மையே. அதைக்கொண்டு மருத்துவர்க்குப் பயிற்சி தரலாம். சிற்பத்துக்குக் கூரை போடலாம்.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னரும் விலை செய்யும் ஒரு தீங்கை நம்மால் பொறுக்க முடியவில்லை. அது நூல்களுக்கு நேர்ந்தது.

நம் சுவேதாம்பர உடன்பிறப்புகள் பரியூஷண நாட்களில் கல்ப சூத்திரத்தை ஓதுகின்றனர். திகம்பரராகிய நாம் அதனை ஆகமமாகக் கொள்வதில்லை. ஆயினும் அந்நூலைப் படியெடுத்துத் தானம் செய்த அறச்செயலை நாமும் நம்முடையதாகவே அறிவோம். சாஸ்திர தானம் நம் வீடுகளிலும் நோன்பு முடிவில் செய்யப்பெற்றதன்றோ? குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் 14ஆம் நூற்றாண்டு வரை பனையோலையிலும், பின்னர்க் காகிதத்திலும் இந்நூல்கள் எழுதப்பெற்றன. காகிதம் வந்த பின்னும் ஏட்டின் நீள வடிவம் மாறவில்லை. ஓலையில் கயிறு கோத்த துளை இருந்த இடத்தில், துளை தேவையற்றபோதும், அழகிய வட்டம் ஒன்றை வரைந்து வைத்தனர். 15ஆம் நூற்றாண்டில் செவ்வண்ணமும் நீலமும் பொன்னும் கொண்டு படங்கள் எழுதப்பெற்றன. இறுதி ஏட்டில், எவர் பொருளில், எவருடைய நன்மையின் பொருட்டு இந்நூல் எழுதப்பெற்று எந்தத் துறவிக்கு அளிக்கப்பெற்றது என்ற குறிப்பு இருக்கும். இறந்துபோன தாய்க்காக மகன் எழுதுவித்ததும் உண்டு. கணவனுக்காக மனைவி எழுதுவித்ததும் உண்டு. இத்தகைய நூல்களைப் பாட்டண், ஜைசல்மேர், காம்பே முதலிய ஊர்களின் ஞானபண்டாரங்கள் பல நூற்றாண்டுகள் காத்தன. முனி புண்ணியவிஜயர் போன்றோர் அவற்றை வரிசைப்படுத்தவும் பாதுகாக்கவும் வாழ்நாளையே செலவிட்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டார் இப்படங்களின் அழகைக் கண்டனர். கண்டது நன்றே. ஆனால் வாணிபம் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தது. முழு நூலை விற்றால் ஒரே ஒருவரிடம் ஒரு விலை கிடைக்கும். படமுள்ள ஏடுகளைத் தனித்தனியே பிரித்து விற்றால் நாற்பது பேரிடம் நாற்பது விலை கிடைக்கும். அவற்றின் கூட்டுத்தொகை முழு நூலின் விலையைவிடப் பெரிது. எனவே நூல்கள் பிரிக்கப்பட்டன. திரிசலை தேவியார் கண்ட கனவுகளின் ஏடு ஒரு நாட்டுக்கு. பகவான் தம் கையால் கேசலோசம் செய்யும் ஏடு மற்றொரு நாட்டுக்கு. இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் கல்ப சூத்திரத்தின் ஓர் ஏடு, ஈரேடு என்று காணலாம். படம் குறைந்த ஏடுகளுக்கு விலையும் குறைவு. அந்நூலின் இறுதிப் பகுதி, துறவியர் மழைக்காலத்தில் சிற்றுயிர்க்கு ஊறு நேராமல் ஒழுக வேண்டிய முறையைக் கூறுவது. அங்கு வண்ணத்திற்கு அதிக வேலையில்லை. கொல்லாமையைக் கற்பிக்கும் ஏடுகளே மலிந்த ஏடுகளாயின! கொடையளித்த தாயின் பெயரோ மகனின் பெயரோ இருந்த கடைசி ஏடு கழிந்த பின், எஞ்சிய ஏடுகளுக்கு ஊருமில்லை, உற்றாரும் இல்லை.

சுவரில் சட்டமிட்டு மாட்டிய ஏட்டின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கலாம். மறுபக்கத்தில் உள்ள எழுத்துகள் சுவரைப் பார்த்திருக்கின்றன. படிக்கப்படுவதற்காக எழுதப்பெற்ற ஒன்றை இதைவிடத் திறம்பட மௌனமாக்க முடியுமா? இந்த இழப்பைத் திருடன் மட்டும் செய்யவில்லை. சட்டப்படி வாங்கி, சட்டப்படி விற்று, வரியும் செலுத்தியவர்களும் சேர்ந்து செய்தனர். முழுமையைவிடத் துண்டுக்கு விலை மிகுதி என்று ஓர் அமைப்பு சொல்லுமானால், பிரிப்பதே அறிவு என்று அது கற்பிக்கிறது.

இனிக் கள்ளாமைக்கு வருவோம். தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் இவ்விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனைக் கூறுகிறது: பிறரைக் களவுக்கு ஏவுதல் அல்லது உடன்படுதல், களவுப் பொருளை ஏற்றல், அரசின் நெறியை மீறிப் பொருளீட்டல், கள்ள அளவையும் எடையும் கொள்ளுதல், போலியைக் கலந்து விற்றல். அக்காலத்துக் கடைத்தெருவை மனத்துட் கொண்டு வகுத்த இந்த ஐந்தும் இக்காலத்து ஏலக்கூடத்துக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகின்றன.

போலி ஓவியங்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம். அளவையைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. சதபீஸ், கிறிஸ்டீஸ் ஆகிய இரு பெரு நிறுவனங்களும் போட்டியாளர்போல் தோற்றமளித்துக்கொண்டே, தம் கட்டணங்களை மறைவாகப் பேசி ஒன்றாக வைத்துக்கொண்டது 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. வாடிக்கையாளர்கட்கு இரண்டும் சேர்ந்து 51 கோடியே 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன. சதபீஸ் தலைவராயிருந்த ஆல்ஃபிரெட் டாப்மன் 2001 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறை சென்றார்.

களவுப் பொருளை ஏற்றல் என்பதே நம்மை மிகவும் உறுத்துவது. ஏலப் பட்டியலில் ஒவ்வொரு பொருளின்கீழும் அது கைமாறிய வரலாறு தரப்படும். கலைப்பொருள்களைச் சட்டவிரோதமாக நாடு கடத்துவதைத் தடுக்க யுனெஸ்கோ 1970இல் உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் 1972இல் இயற்றப்பெற்று 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பத்தையும் எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட அரிய சுவடியையும் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. எனவே ஐரோப்பாவில் ஒரு தனியார் சேகரிப்பு, 1970க்கு முன் வாங்கியது என்ற ஒரு வரி இருந்தால் பொருள் தூய்மை பெற்றுவிடுகிறது. அந்த ஒரு வரியை எழுதுவது எவ்வளவு எளிது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவாலயத்தின் நடராசர் செப்புத்திருமேனி களவாடப்பட்டு, நியூயார்க்கில் சுபாஷ் கபூர் நடத்திய கலைக்கூடத்தின் வழியாக, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. பொய்யான ஆவணங்களே அதன் வரலாறாக இருந்தன. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதனை நேரில் கொணர்ந்து ஒப்படைத்தார். கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, சிலைக் கடத்தல் வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தால் 10 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். களவாடியவன் இருட்டில் சென்றான். ஆனால் நல்ல விளக்கொளியும் மெல்லிய குரலும் கொண்ட ஒரு கூடம் நடுவில் இல்லாவிடில் அந்தத் திருமேனிக்கு 50 லட்சம் டாலர் எவர் தருவார்?

இதற்கெல்லாம் உடன்படாதவர் நாம் என்று ஒதுங்கிவிடலாமா? இங்குதான் கடினமான கேள்வி எழுகிறது. அயல்நாட்டில் வாழும் செல்வமிக்க சிராவகர் ஒருவர், ஜினபிம்பம் ஒன்று ஏலத்துக்கு வருவதை அறிகிறார். புலாலும் மதுவும் பரிமாறும் கூடத்தில் அலங்காரப் பொருளாகப் போய்ச் சேருமே என்று மனம் பதைக்கிறார். எவ்வளவு விலையானாலும் வாங்கி ஆலயத்தில் வைப்பேன் என்று துணிகிறார். அவர் செய்வது அறமா?

அவர் எண்ணம் தூயது என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் கண்ணுக்கு அது கல் அன்று. ஸ்தாபனா நிட்சேபத்தால் ஜினரே. அவரை மீட்பதற்குப் பொருள் கொடுப்பதைப் பற்று என்று எவ்வாறு சொல்வது? ஆனால் அவர் உயர்த்திய கை கூடத்தில் ஓர் எண்ணாகப் பதிவாகிறது. இத்தகைய பிம்பத்திற்கு இவ்வளவு தருவோர் உளர் என்ற செய்தி, பல கை மாறி, பூட்டில்லாத ஒரு சிற்றூர்க் கோயிலின் வாயிலை வந்தடைகிறது. பக்தர் என்பதால் அவர் விலையைப் பாராமல் கேட்கிறார். அதனாலேயே வணிகர்க்கு அவரைவிடச் சிறந்த வாடிக்கையாளர் இல்லை. ஒரு பிம்பத்தை மீட்ட கொடை, மற்றொரு பிம்பம் பெயர்க்கப்படுவதற்குக் காரணமாகிறது. ஏவாமலேயே ஏவுதல் இது.

2025இல் இதையொத்த நிகழ்ச்சி ஒன்றை உலகமே கண்டது. 1898இல் பிப்ரவா என்னுமிடத்தில் வில்லியம் பெப்பே என்னும் ஆங்கிலேயர் அகழ்ந்தெடுத்த, புத்தரின் எலும்புகளோடு வைக்கப்பெற்றிருந்த மணிகளை, அவர் வழித்தோன்றல்கள் ஹாங்காங்கில் சதபீஸ் வழியாக மே மாதம் ஏலமிட முன்வந்தனர். இந்திய அரசு சட்ட அறிவிக்கை அனுப்பியது, பல நாட்டு பௌத்தர்கள் வருந்தினர், ஏலம் நிறுத்திவைக்கப்பட்டது. ஜூலை மாதத்தில், கோத்ரெஜ் குழுமம் அவற்றை வாங்கி நாட்டுக்குக் கொணர்ந்தது. மணிகள் வந்து சேர்ந்தன என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் ஏலம் நின்றது என்பதைவிட, இறுதியில் விற்பனை நடந்தது என்பதே வணிக உலகம் இதிலிருந்து கற்ற பாடமாயிருக்கும். ஸ்ரீபுரந்தான் நடராசரோ ஒரு காசும் பெறாமல் நாடு திரும்பினார். இரண்டையும் ஒப்பிடுங்கால், நம் கருத்து இரண்டாவது வழியின் பக்கமே சாய்கிறது. கைமாறிய வரலாறு ஐயத்துக்கிடமின்றித் தெளிவாக இல்லாத எந்தப் பிம்பத்தையும், பக்தியின் பெயராலும், விலைக்குக் கேட்கலாகாது. கேட்பதைவிட, அது எந்த ஊரது என்று தேடித் துப்புக் கொடுப்பது கடினமான தொண்டு, செலவு குறைந்தது, அடுத்த திருட்டுக்கு ஊதியம் தராதது.

நம் ஆலயங்களிலும் ஏலம் உண்டே என்று சிலர் இடைமறிக்கக்கூடும். உண்டு. முதல் கலசம் எவருடையது, முதல் ஆரத்தி எவருடையது என்று போலி கூறுகிறோம். 2018இல் சிரவணபெளகொளத்தில் நடைபெற்ற மகாமஸ்தகாபிஷேகத்தில் முதல் கலசத்துக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தோர் உண்டு. அதில் தற்பெருமை கலப்பதில்லை என்று நாம் சொல்லமாட்டோம். கொடுத்தவர் பெயரைக் கொடுத்த தொகையைவிடப் பெரிதாக எழுதிய பலகைகளை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் ஒரு வேறுபாடு உள்ளது. கலசம் எடுத்தவர் அபிஷேகம் முடிந்ததும் வெறுங்கையோடு படியிறங்குகிறார். அவர் பெற்ற உரிமையை அடுத்த ஆண்டு இருமடங்கு விலைக்கு எவருக்கும் விற்க முடியாது. அவர் கொடுத்த பொருள் தேவத்திரவியமாகி மீளாமல் போய்விட்டது. மறுவிற்பனை இல்லாத இடத்தில் ஏலம் கொடையாகிறது. மறுவிற்பனையை எண்ணி வாங்கும் இடத்தில் கொடைபோல் தோன்றுவதும் முதலீடாகிறது. ஓவியங்களை வாங்கிச் சேர்க்கும் நம் இளைஞர்கள் சிலர், எந்தப் படம் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு முன்னரே எது ஏறும் என்று சொல்கின்றனர். படத்தைக் காணும் இன்பமும் இல்லாமல், துறக்கும் நிறைவும் இல்லாமல், நடுவே நிற்கும் நிலை அது.

நாம் செய்யக்கூடியது என்ன? நம் ஜினாலயங்கள் பலவற்றில் செப்புத்திருமேனிகளின் எண்ணிக்கைகூட எழுத்தில் இல்லை. முதியவர் ஒருவரின் நினைவில் உள்ளது. அயல்நாட்டில் வழக்கு நடக்கும்போது நினைவு சான்றாகாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் கோயில்தோறும் சென்று எடுத்துவைத்த நிழற்படங்களே தமிழகத்துச் சிலைகள் பல மீண்டதற்குக் கருவியாயின. ஆகவே ஒவ்வொரு திருவுருவத்தையும் முன்னும் பின்னும் பக்கங்களிலும் படமெடுத்து, உயரம், எடை, உலோகம், பீடத்தில் உள்ள எழுத்து ஆகியவற்றைக் குறித்து, ஒரு படியை ஆலயத்திலும் ஒரு படியை ஊருக்கு வெளியே நம்பத்தக்க இடத்திலும் வைக்க வேண்டும். தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்யவேண்டியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். வீடுகளில் எஞ்சியுள்ள ஓலைச்சுவடிகளுக்கும் இது பொருந்தும். பழைய சுவடி வாங்க வருவோரிடம் படமுள்ள ஏடு, படமில்லாத ஏடு என்ற பேச்சே எழ இடங்கொடுக்கலாகாது.

முன்பே விலைக்கு வாங்கிய கல்ப சூத்திர ஏடு ஒன்று எவர் இல்லத்திலேனும் இருக்குமாயின், அவர் அதனை மறைக்கவேண்டுவதில்லை, விற்கவும் வேண்டா. சட்டத்தைக் கழற்றி மறுபக்கத்தையும் படமெடுக்கலாம். ஏட்டின் ஓரத்தில் எண் ஒன்று எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணோடு படத்தை ஞானபண்டாரத்தார்க்கோ சுவடி ஆய்வாளர்க்கோ அனுப்பினால், அதற்கு முந்திய எண்ணுடைய ஏடு எந்த நாட்டில் எந்தச் சுவரில் தொங்குகிறது என்பதை அவர்கள் அறிந்திருக்கவும் கூடும்.